பணியார மாவு ஏன் பொங்குகிறது?

காளையார்கோவில் பக்கம் குழிப்பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போடும்போது, வீட்டுப் பிள்ளையைக் கூடவே உட்கார வையுங்கள். உழக்கில் தலைதட்டி அதுவே அளக்கட்டும். இந்த ஊர் வெக்கைக்கு, இரவு கரைத்த மாவு விடிவதற்குள் பாத்திர விளிம்புக்கு ஏறிவிடும். "மாவு கூடிருச்சா அப்பத்தா?" என்று பிள்ளை கேட்கும். கூடவில்லை. லியூகோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்தக் குமிழிகளைப் பிடித்து வைக்கிறது. சூடான குழியில் ஊற்றியதும் அவைதான் விரிந்து பணியாரத்தை உப்ப வைக்கின்றன. பிள்ளையின் கேள்வியில் வியப்பில்லை; பெரிதாகத் தெரிவதே அதிகம் என்று ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் நம்புவதை சுவிஸ் அறிஞர் ழான் பியாஜே காட்டினார். இரவும் காலையும் மாவைத் தராசில் நிறுத்துக் காட்டுங்கள். விடையை மட்டும் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.