உருசிய நாவல்களும் அவற்றைக் கற்கும் பருவமும்

உருசியப் பெருநாவல்கள் முதிர்ந்தோர்க்கே உரியன என்பர் சிலர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. 1866-இல் டாஸ்டாயெவ்ஸ்கி வெளியிட்ட 'குற்றமும் தண்டனையும்' என்னும் நாவலின் தலைவன் ரஸ்கோல்நிகாவ், வறுமையாற் கல்வியை இடையில் விட்ட 23 வயது மாணவன். மேன்மக்கள் சட்டத்தைக் கடக்கலாம் என்னும் தன் கொள்கையை நம்பிக் கொலை புரிகின்றான். அம்மயக்கத்தின் வலிமையை, கொள்கைக்கு எளிதில் வசப்படும் இளையோரே நன்குணர்வர். எச்சரிக்கையும் அவர்க்கே வேண்டுவது. முதுமை வரை காத்திருப்போர்க்கு அது காலங்கடந்து கிட்டும்.

எனினும் ஒருமுறை கற்றல் போதாது. துர்கனேவின் 'தந்தையரும் தனயரும்' (1862) நாவலில் இளையோர் பசாராவின் துணிவையே காண்பர். அவன் கல்லறையில் அழும் முதிய பெற்றோரின் துயரம், மக்களைப் பெற்றபின்னரே முழுதும் விளங்கும். ஆதலின், நண்பர்களே, இந்நாவல்களை இன்றே கற்பீராக. இருபதாண்டு கழிந்தபின் மீண்டும் கற்பீராக.