மயக்கமருந்தும் குதிரையின் இருதயமும்

குதிரை வளர்ப்பு நம் ஜில்லாக்களில் முன்போல் பரவியிராவிடினும் அற்றுப்போய்விடவில்லை. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின்போது கூடும் குதிரைச் சந்தையே அதற்குச் சான்றாகும். பெரும் பொருள் கொடுத்து வாங்கிய குதிரைக்கு விதையடித்தல், குடலிறக்கம், ஆழ்ந்த காயம், வயிற்றுச்சூலை முதலியவற்றின் பொருட்டுச் சஸ்திர சிகிச்சை செய்ய நேரும்போது, உடையவர்கள் கத்தியைக் கண்டு அஞ்சுகின்றனர். உண்மையில் கத்தியைக் காட்டிலும் அதிகமாகக் கவனிக்கத்தக்கது, குதிரை மயங்கித் தரையில் கிடக்கும் நேரமேயாகும்.

பிரிட்டனிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2002-ல் வெளியிட்ட விசாரணையொன்றில், மயக்கமருந்து பெற்ற 41,824 குதிரைகளின் விவரங்கள் சேகரிக்கப்பட்டன. ஏழு நாட்களுக்குள் உயிரிழந்தவை நூற்றுக்கு 1.9. சூலை நோயில்லாத குதிரைகளை மட்டும் கணக்கிட்டாலும் நூற்றுக்கு 0.9, அதாவது ஏறக்குறைய 110-ல் ஒன்று. நாய்களைப்பற்றி அந்நாட்டில் 2008-ல் வெளியான கணக்கிலோ, இறந்தது ஏறக்குறைய 600-ல் ஒன்றே. குதிரைகளின் மரணங்களில் மூன்றிலொரு பங்கு இருதயம் நின்றதாலும் இரத்த ஓட்டம் குலைந்ததாலும் நேர்ந்தவை. நாலிலொரு பங்கு, மயக்கம் தெளிந்து எழும்போது எலும்பு முறிந்ததால் நேர்ந்தவை. இவ்வளவு பெரிய, வலிமை மிக்க பிராணிக்கு இந்த ஆபத்து ஏன் வருகிறதென்பதை உடையவர்கள் அறிந்திருத்தல் நலம்.

இரத்த அழுத்தமும் நீர் மட்டமும்

அமைதியாக நிற்கும் குதிரையின் இருதயம் நிமிடத்திற்கு 28 முதல் 44 தடவை துடிக்கும். 300 கிலோ எடையுள்ள குதிரையில் அது நிமிடத்திற்குச் சுமார் 20 லிட்டர் இரத்தத்தை இறைத்துக் கொடுக்கிறது. இரத்தம் உடலெங்கும் சென்று பாய்வதற்கு வேண்டிய உந்துதலே இரத்த அழுத்தம் எனப்படும்.

இவ்வழுத்தத்தை முதன்முதலாக அளந்தது ஒரு குதிரையினிடத்திலேயே. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார், கட்டிக் கிடத்தப்பட்ட ஒரு பெட்டைக் குதிரையின் தொடையிலுள்ள இரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் இருதயத்தின் மட்டத்திற்கு மேல் 8 அடி 3 அங்குலம் உயர்ந்து நின்றது. இதை அவர் 1733-ல் வெளியிட்டார். அக்குதிரை மிரண்டிருந்ததால் அவ்வளவு உயரம் ஏறிற்று. அமைதியாக நிற்கும் குதிரையில் சராசரி அழுத்தம் 110 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டியிருக்கும். ஹேல்ஸின் குழாயில் அது சுமார் 4½ அடி உயரமாகும். மயக்கத்தில் இது 70 மில்லிமீட்டருக்கு, அதாவது 3 அடி உயரத்திற்கு, கீழே போகாதபடி வைத்தியர்கள் காத்து வருகின்றனர்.

மருந்து செய்யும் மாறுதல்கள்

வாய்க்காலில் நீர் மட்டம் இரண்டு காரணங்களால் இறங்கும். இறைக்கும் யந்திரம் தளர்ந்தால் இறங்கும்; வாய்க்கால் அகன்றுவிட்டாலும் இறங்கும். ஐசோஃப்ளூரேன் போன்ற, சுவாசத்தின் மூலம் செலுத்தப்படும் மயக்கமருந்துகள் இவ்விரண்டையும் ஒருங்கே செய்கின்றன. இருதயத்தின் சுருங்கும் வலிமை குறைகிறது. இரத்தக் குழாய்களும் தளர்ந்து விரிகின்றன. மயக்கம் எவ்வளவு ஆழ்கிறதோ அவ்வளவுக்கு அழுத்தமும் தாழ்கிறது.

ஊசிமூலம் கொடுக்கும் மருந்துகளின் குணம் சற்று வேறு. முதலில் கொடுக்கப்படும் சைலசின் குதிரையைச் சாந்தப்படுத்தித் தலையைத் தொங்கச் செய்யும், நாடியையும் தாழ்த்தும், இடையிடையே துடிப்பு விட்டுப் போவதும் உண்டு. அடுத்துக் கொடுக்கும் கெட்டமின் இருதயத்தைத் தூண்டும் இயல்புடையது. ஆகையால் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகிக் குறுகிய நேரச் சிகிச்சைகளுக்கு ஏற்றவையாகின்றன. ஆனால் சைலசின் நன்கு பற்றுமுன் கெட்டமினைக் கொடுத்துவிட்டால் குதிரை வெறிகொண்டு பாயக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விழித்திருக்கும் பிராணியில் அழுத்தம் இறங்கினால் நாடி விரைந்து காட்டிக் கொடுக்கும். மயங்கிய குதிரையிலோ, அழுத்தம் அபாய நிலைக்கு இறங்கியபோதும் நாடி நிமிடத்திற்கு 35 அல்லது 40 என வழக்கம்போலவே இருக்கலாம். ஆகவே நாடியை எண்ணிப் பார்த்து மட்டும் திருப்தியடைதல் கூடாது. முகத்திலோ காலிலோ உள்ள இரத்தக் குழாயில் சிறு குழல் செலுத்தி அழுத்தத்தை நேராக அளப்பதே தக்க முறையாகும்.

கடைமடையில் நேரும் சேதம்

வாய்க்காலில் மட்டம் இறங்கினால் முதலில் காய்வது கடைமடை வயலே. மயங்கிக் கிடக்கும் குதிரையில் கடைமடைபோல் அமைவன, உடலின் பாரத்தால் தரையோடு அழுந்தியிருக்கும் தொடை, தோள் ஆகியவற்றின் தசைகள். மேலிருந்து பாரம் அழுத்த, உள்ளிருந்து தள்ளும் இரத்தமும் வலுவிழக்குமாயின், அத்தசைகளுக்கு இரத்தம் எட்டாது. 1987-ல் வெளியான பரிசோதனையில், அழுத்தம் 55 முதல் 65 மில்லிமீட்டராக நெடுநேரம் தாழ்த்தப்பட்ட குதிரைகளுக்குத் தசைச் சேதம் கண்டது. உயர்ந்த அழுத்தத்தில் காக்கப்பட்டவை தப்பின. சேதமடைந்த குதிரை எழ மாட்டாமல் தவிக்கும். எழுந்தாலும் கால் ஊன்றாது விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும்.

சுவாசத்திற்கும் இடையூறு உண்டு. குதிரையின் பெருங்குடல் மிகுந்த கனமுடையது. குதிரையை மல்லாத்திக் கிடத்தினால் அது நுரையீரலை அழுத்தும். அழுந்திய பகுதிக்கு இரத்தம் சென்றாலும் காற்று போவதில்லை. அதனால் பிராணவாயு குறைந்த இரத்தமே உடலெங்கும் சுற்றுகிறது.

பரிகாரங்கள்

வைத்தியர்கள் மயக்கத்தைத் தேவைக்கு மேல் ஆழ்த்தாமலும், பிராணவாயு கொடுத்தும், இரத்தக் குழாய் மூலம் உப்பு நீர் ஏற்றியும், வேண்டியபோது டோபுடமின் என்னும் மருந்தால் இருதயத்திற்கு வலுவூட்டியும் இவ்வாபத்தைத் தடுக்கின்றனர். பல நாடுகளிலிருந்து திரட்டி 2021-ல் வெளியிட்ட கணக்கில், சூலையில்லாத குதிரைகளின் மரணம் நூற்றுக்கு 0.6 ஆகக் குறைந்திருந்தது. குதிரையைக் கிடத்தாமல், நின்றபடியே சாந்தப்படுத்திச் சிகிச்சை செய்தவற்றில் அது நூற்றுக்கு 0.2 மட்டுமே.

உடையவர் கவனிக்க வேண்டியவை

1. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்க. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 எனில் எடை சுமார் 302 கிலோ.

2. நின்றபடியே செய்யக்கூடுமா என்று வைத்தியரை முதலில் கேட்க வேண்டும். விதையடித்தலைப் பல குதிரைகளில் அவ்வாறு செய்யலாம்.

3. முன்பு கண்ட நோய்களையும் கொடுத்து வரும் மருந்துகளையும் ஒளியாமல் சொல்ல வேண்டும். தீனியை நிறுத்தும் நேரம் வைத்தியர் சொற்படியே இருத்தல் வேண்டும்.

4. கல்லும் முளையுமில்லாத சமமான இடத்தில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி வைக்க வேண்டும். குதிரை படுத்தபின் முகக்கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிடில் முக நரம்பு நசுங்கும். பக்கவாட்டில் படுத்திருந்தால் கீழ்ப்புற முன்னங்காலை முன்னோக்கி இழுத்து வைப்பதும், மேற்புறக் கால்களுக்கு முட்டுக் கொடுப்பதும் தசைகளின் பாரத்தைக் குறைக்கும்.

5. வேண்டிய ஆட்களும் நீரும் வெளிச்சமும் முன்கூட்டியே தயாராயிருத்தல் வேண்டும். கிடக்கும் நேரம் நீள நீள ஆபத்தும் வளரும்.

6. தெளியும் குதிரையை அடித்தோ, கூச்சலிட்டோ, வாலைப் பிடித்திழுத்தோ அவசரமாக எழுப்பலாகாது. கூட்டத்தை விலக்கி, அது தானாக எழும்வரை பொறுத்திருக்க வேண்டும். முற்றும் தெளியும்வரை தீனி வைக்கலாகாது.

7. எழுந்தபின் தசை கெட்டியாக வீங்குதல், மிகுந்த வியர்வை, கால் ஊன்றாமை, காப்பி நிறமான மூத்திரம் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கயிற்றால் கட்டி வீழ்த்தி, மயக்கமருந்தின்றி அறுக்கும் பழைய வழக்கம் கொடியது; அதில் எலும்பு முறிவும் நேரும். அதற்கு மாற்றாக, பயிற்சியில்லாதவர் கையிலுள்ள மருந்து ஊசியை நம்புவதும் தகாது. மருந்தை ஏற்றுவது எளிது. இறங்கும் இரத்த அழுத்தத்தை அறிந்து தூக்கி நிறுத்துவதே வித்தை. கிராம அதிகாரிகள் இத்தகையோரை ஊரில் அனுமதியாமல், குதிரை உடையவர்களை அடுத்துள்ள கால்நடை மருத்துவசாலைக்கு வழிகாட்டுவார்களாயின், அநேக நல்ல குதிரைகள் பிழைக்கும்.