சதுரமாக இருந்த ஊர்

வாக்குச்சாவடிப் பக்கமே வரவிடாமல் மக்களைத் தடுக்கும் வழிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். வாக்களிக்க விட்டுவிட்டு, அந்த வாக்கைச் செல்லாக்காசாக்கும் எல்லைக்கோட்டு வேலை இன்னொன்று. அமெரிக்காவில் இதற்கு ஜெரிமாண்டரிங் என்று பெயர். இரண்டையும் ஒரே மக்கள்மீது ஒன்றன்பின் ஒன்றாக ஏவிய ஊர், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி.

புக்கர் டி. வாஷிங்டன் 1881 முதல் தலைமையேற்று வளர்த்த கல்லூரி அங்கேதான் இருக்கிறது. கறுப்பின டாக்டர்கள் பணியாற்றிய படைவீரர் மருத்துவமனையும் உண்டு. இவ்வளவு படித்தவர்களை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்க முடியுமா? எனவே வேறு தந்திரங்கள் வந்தன. வாக்காளராகப் பதிவுசெய்ய வந்த கறுப்பருக்கு வெள்ளையர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். பதிவு வாரிய உறுப்பினர்கள் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள். வாரியமே இல்லையென்றால் விண்ணப்பத்தை யாரிடம் நீட்டுவது? இத்தனைக்கும் அசராமல், சமூகவியல் பேராசிரியர் சார்ல்ஸ் கோமிலியன் தலைமையிலான டஸ்கீகி குடிமக்கள் சங்கம் ஆண்டுக்கணக்கில் போராடி ஒவ்வொரு பெயராகப் பட்டியலில் ஏற்றியது. 1957-இல் நகருக்குள் சுமார் 400 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள்.

ஆட்களைத் தடுத்து மாளவில்லை, ஊரையே நகர்த்திவிட்டார்கள். அந்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய 140-ஆம் எண் சட்டம், சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விகாரமான உருவமாக்கியது. அந்த 400 பேரில் நான்கைந்து பேர்தான் உள்ளே மிஞ்சினார்கள். வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. கல்லூரியும் ஊருக்கு வெளியே! கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளில் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். பல கடைகள் மூடப்பட்டன. இந்தப் புறக்கணிப்பை, அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கைவிடக் குறைவாக நான் மதிக்க மாட்டேன்.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கைவிரித்த பிறகு, ரோசா பார்க்ஸின் வழக்கறிஞராக இருந்த ஃப்ரெட் கிரே வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1960 நவம்பர் 14-இல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர். தொகுதி எல்லைத் தகராறுகளில் நீதிமன்றம் காலெடுத்து வைக்கக் கூடாது என்று 1946-இல் சொன்னவரும் அவரே. ஆனால் இங்கே கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கவே முடியாது. இனத்தைக் காட்டி வாக்குரிமையைப் பறிப்பதைத் தடைசெய்யும் 15-ஆவது திருத்தத்தின் கீழ் இந்த வழக்கு செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. கோடு, தடுப்பின் வேலையைச் செய்ததால் பிடிபட்டது. அவர்களை ஊருக்குள்ளேயே வைத்து, வார்டு வார்டாகச் சிதறடித்திருந்தால் ஃபிராங்க்ஃபர்ட்டர் அசைந்திருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை.

வட கரோலினாவைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது. அங்கே 2013-இல் வந்த வாக்காளர் சட்டம் கறுப்பின மக்களைக் குறிவைத்தது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்துசெய்தது. அதே 2016-இல், 13 காங்கிரஸ் தொகுதிகளில் 10 தங்கள் கட்சிக்கே கிடைக்கும்படி குடியரசுக் கட்சியினர் வரைபடம் தயாரித்தார்கள். நோக்கத்தை வெளிப்படையாகவே சொன்னார்கள். எவரையும் அது வரிசையிலிருந்து விரட்டவில்லை. கட்சி ஆதாயத்துக்காகக் கோடு வளைப்பது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய விவகாரம் அல்ல என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் ஒதுங்கிக்கொண்டது.

கோடு போடும் வேலையை அரிசோனா வாக்காளர்கள் 2000-இல் சட்டமன்றத்தின் கையிலிருந்து பறித்தது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)