பகலில் பாரதம், இரவில் கூத்து

கோடை விடுமுறை தொடங்கியதும் பெற்றோர் பலருக்கு ஒரு கவலையும் உடன் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? நல்லதொன்றை அவர்கள் காணவேண்டும், கேட்கவேண்டும். கைப்பணமும் அதிகம் கரையக் கூடாது. மேலை நாடுகளில் இதற்கென ஒரு வழக்கம் உண்டு. வெயில் காலத்தில் திறந்த வெளியில் இசைவிழா நடத்துவர். ஒரு புறம் பாட்டு நடக்கும். மறு புறம் சிறுவர்க்குக் கதை சொல்வர். எழுத்தாளர் வந்து தம் நூலைப் படித்துக் காட்டுவர். களிமண்ணும் வண்ணமும் கொடுத்துப் பிள்ளைகளைக் கைவேலையில் ஈடுபடுத்துவர். குடும்பம் முழுவதும் கூடாரம் அடித்து அங்கேயே தங்கும். இதனைக் கேள்வியுற்று, நம் நாட்டில் இப்படி ஒன்று இல்லையே என்று ஏங்குவோர் உண்டு. அவர்களைக் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, மாகறல் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் உள்ள பழம்பதி மாகறல். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இவ்வூரைப் பாடினார். மூன்றாம் திருமுறையில் உள்ள அப்பதிகத்தின் முதற்பாட்டிலேயே, வயலில் வேலை செய்யும் உழத்தியர் பாடி ஆடும் ஓசைதான் ஊருக்கு அடையாளமாக வருகிறது. ஊரைச் சிறப்பிக்க மாடமும் கொடியும் சோலையும் இருக்க, ஏழைப் பெண்களின் பாட்டொலியை அவர் முதலில் வைத்தது நமக்குப் பெரிதும் பிடித்த செய்தி. அந்த மண்ணில் பாட்டு இன்னும் வற்றிவிடவில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரங்களின் சிற்றூர்களில் நடைபெறும் பாரத விழாக்கள் அதற்குச் சாட்சி.

திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் நடப்பது இவ்விழா. கொடியேற்றம் முதல் தீமிதி வரை பத்து நாள் நடக்கும் ஊர்களும் உண்டு. இருபது நாளுக்கு மேல் நீளும் ஊர்களும் உண்டு. பூசையும் தீமிதியும் அவ்வூராரின் வழிபாடு. அவற்றை மரியாதையோடு அவர்களிடமே விட்டுவிடுவோம். ஆனால் அந்த விழாவின் பகலில் ஓர் இலக்கிய வகுப்பும், இரவில் ஓர் இசை நாடகமும், கடைசி நாளில் ஒரு பெரும் மண் சிற்பமும் அடங்கியிருக்கின்றனவே, அவை தமிழ் பேசும் எல்லார்க்கும் பொதுச் சொத்து அன்றோ?

முதலில் பகலைப் பார்ப்போம். உணவு முடிந்து வெயில் சாயத் தொடங்கும் வேளையில், பந்தலின் கீழ்ப் பாரதப் பிரசங்கம் நடக்கும். பிரசங்கியார் கையில் இருப்பது பெரும்பாலும் வில்லிபுத்தூரார் பாரதம். 4,300க்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட பெருநூல். பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை விரித்துப் பாடிய பாரதத்தையும் துணைக்குக் கொள்வர். பிரசங்கியார் ஒரு விருத்தத்தை இராகத்தோடு பாடுவார், சொற்களைப் பிரித்துக் காட்டுவார், பொருள் சொல்வார், பிறகு கதைக்குள் இறங்கிவிடுவார். இறங்கியவர் எங்கெங்கோ போவார்! துரியோதனனின் சபையிலிருந்து உள்ளூர்ப் பஞ்சாயத்துக்கும், பாஞ்சாலியின் துயரிலிருந்து வரதட்சணைக் கொடுமைக்கும் அவர் தாவுவதைக் கேட்டுக் கிழவிகள் பொக்கை வாயால் சிரிப்பர். சிரித்து ஓய்வதற்குள் அடுத்த விருத்தம் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாக மிரட்டும் அதே செய்யுள், இங்கே எழுத்தறியாத மூதாட்டிக்கும் விளங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் எழுத்தறியாதார்க்குக் காப்பியம் கொடுத்த வகுப்பறை இதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

பகலில் கேட்ட கதை இரவில் கண்முன் வரும். இதுதான் இவ்விழாவின் நுட்பம். வில் வளைப்பைப் பகலில் விளக்கக் கேட்ட சிறுவன், இரவில் அர்ச்சுனன் வில்லெடுக்கும் தருணத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பான். கதை முன்கூட்டியே தெரிந்திருப்பதால் அவன் கவனம் பாட்டிலும் ஆட்டத்திலும் சொல்லிலும் ஊன்றும்.

கூத்து இரவு பத்து மணி அளவில் தொடங்கினால் பொழுது விடியும்வரை நடக்கும். பாய் விரித்து, கிழவர் முதல் கைக்குழந்தை வரை குடும்பம் முழுவதும் தரையில் அமர்ந்திருக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கு, தாளம் ஆகியவற்றோடு முகவீணை என்ற சிறு குழற்கருவியும் சேரும். பெயரில் வீணை இருந்தாலும் அது நாகசுரத்தின் இனம். அதன் கூர்மையான ஒலி இரவுக் காற்றில் நெடுந்தூரம் செல்லும். கட்டியக்காரன் முதலில் வருவான். அவன் கோமாளி, அதே சமயம் கதையை நடத்துபவனும் அவனே. அரசனை மேடையில் கேலி செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. பின்னர் இருவர் திரை பிடிக்க, அதன் மறைவில் நின்று பாடி, திரைக்கு மேல் கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டி, மெல்ல மெல்ல வேடதாரி வெளிப்படுவார். மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் பதித்த கிரீடம், தோளணி, மார்பணி ஆகியவையே 'கட்டை' எனப்படுவன. அவற்றை அணிந்து ஆடுவதால் இதற்குக் கட்டைக்கூத்து என்று பெயர். தெருக்கூத்து என்ற பெயரே நாட்டில் பரவியிருப்பினும், கட்டைக்கூத்து என்பதே தங்கள் கலைக்கு உரிய பெயர் என்று வாதிடும் கலைஞர்களும் உண்டு. பெயர் எதுவாயினும், விருத்தமும் கந்தார்த்தமும் தருவும் வசனமும் மாறி மாறி வரும் அந்தப் பிரதிகள் தமிழ் நாடக இலக்கியத்தின் பெரும் பகுதி என்பதில் ஐயமில்லை.

எல்லா இரவுகளிலும் நமக்கு மிக உகந்தது கர்ண மோட்சம். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். வியாசர் பாரதத்தில் இந்தப் பொன்னுருவியைக் காண முடியாது. தமிழ் மக்கள் படைத்துக் கொடுத்த பாத்திரம் அவள். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று கணவனின் பிறப்பை இகழ்ந்து, அவன் முகம் பாராமல் இருந்தவள். இன்றோ அவன் திரும்பி வரமாட்டான். ஒரு வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் உறைந்திருந்த மனக்கசப்பு, ஊரார் அனைவர் முன்னிலையிலும், பாட்டும் எதிர்ப்பாட்டுமாக வெடித்துக் கரைகிறது. குலப்பெருமை ஒரு குடும்பத்தை எப்படி அரிக்கும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான காட்சியை நாம் கண்டதில்லை. அருகருகே அமர்ந்து பார்க்கும் கணவன் மனைவியர் அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை! இந்நாடகத்தை இறந்தவர்க்குச் செய்யும் பதினாறாம் நாள் சடங்கிலும் ஆடச் செய்யும் வழக்கம் இப்பகுதியில் இருப்பது காரணமின்றி அன்று.

அர்ச்சுனன் தபசு இரவில் உயர்ந்த கம்பம் ஒன்றை நட்டு, நடிகர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்கு மடியேந்திப் பெண்கள் நிற்பர். இறுதி நாள் படுகளம். அன்று மேடை இல்லை. ஊர்ப் பொதுவெளியில், மண்ணைக் குழைத்துப் பல அடி நீளத்துக்குப் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தை அமைத்து வண்ணம் தீட்டுவர். மண் சுமப்பதிலிருந்து மீசை வரைவது வரை பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும் கைவினைப் பாடம் அது. வீமனும் துரியோதனனும் அவ்வுருவத்தைச் சுற்றி ஓடிப் போரிட, தொடை பிளக்க, திரௌபதி கூந்தல் முடிக்கக் கதை முடியும். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சென்று நெற்குதிரில் இடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு.

இத்தனை இருந்தும் அந்தக் கலைஞனுக்கு நாம் கொடுத்த பட்டம் 'கூத்தாடி' என்ற வசைச் சொல். ஆண்டில் சில மாதங்களே வேலை. முன்பணம் வாங்கிய கடனுக்காகக் குழுவோடு கட்டுண்டு கிடந்தவர் பலர். கூத்துக் கற்கவேண்டிய வயதும் பள்ளி செல்லவேண்டிய வயதும் ஒன்றாக இருப்பதால், கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளை இரண்டில் ஒன்றை இழக்க நேர்ந்தது. இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர் பெ. இராஜகோபால். பத்து வயதிலேயே மேடையேறிய கூத்துக் கலைஞர் அவர். அவரும், நெதர்லாந்து நாட்டிலிருந்து வந்து இக்கலையை ஆராய்ந்து அவரையே மணந்த ஹன்னே டி புரூயினும் பிற கலைஞர்களோடு சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் கட்டைக்கூத்துக் குருகுலம் எழுந்தது. பள்ளிப் பாடமும் கூத்தும் ஒரே கூரையின் கீழ்! ஆண்களே பெண் வேடமும் பூண்டு வந்த இக்கலையில், பெண்பிள்ளைகள் கட்டை கட்டி ஆடியது அங்கேதான். தறிக்குழியிலும் வறுமையிலும் படிப்பை இழக்கக்கூடிய குடும்பங்கள் மிகுந்த வட்டாரத்தில், அது எத்தனை பெரிய துணிவு! பதினெட்டு ஆண்டுகள் நடந்த குருகுலம் 2020இல் நின்றுவிட்டது.

அந்த 2020ஆம் ஆண்டு வேறு வகையிலும் கொடியது. மார்ச் மாத இறுதியில், கூத்துப் பருவம் உச்சத்தை நெருங்கும் நேரத்தில், கொரோனா ஊரடங்கு வந்தது. ஆண்டு முழுவதற்கும் சம்பாதிக்கவேண்டிய மாதங்கள் வெறுமையாகக் கழிந்தன. அதே நோய் ஜெர்மனியின் ஓபரம்மர்காவு சிற்றூரையும் தாக்கியது. 1634 முதல் அவ்வூர் மக்கள், கொள்ளை நோயிலிருந்து தப்பியதற்கு நேர்ந்துகொண்டபடி, பத்தாண்டுக்கு ஒரு முறை ஆண்டவரின் பாடுகளைக் கோடை மாதங்களில் நாடகமாக நடிப்பதை வாசகர்கள் அறிவர். 2020இல் நடக்கவேண்டியது 2022க்குத் தள்ளிப்போயிற்று. அங்கே உலகமே வந்து பார்த்தது. நடிப்பவர்க்கு வேறு தொழில் இருக்கிறது. ஊருக்கும் வருவாய் இருக்கிறது. நம் கூத்துக் கலைஞனுக்குக் கூத்தே சோறு. இரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்ப்பது தகும்.

ஓபரம்மர்காவு வரை போவானேன்? கூத்து நமக்கும் அயலானது அன்று. ஞானசௌந்தரி கதையும் எஸ்தாக்கியார் கதையும் கத்தோலிக்க ஊர்களில் விடிய விடிய ஆடப்பட்டவையே. யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், பாடுகளின் நாடகத்தோடு நாட்டுக்கூத்தையும் பேணி வளர்த்தது. இடைக்காட்டூரிலும் ஆவூரிலும் நடக்கும் பாஸ்கா விழாக்களும் இந்த உறவுக்காரர்களே. அவை இன்றும் கூட்டம் சேர்க்கின்றன, அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் பாடிவைத்த தேம்பாவணியை, ஒரு பந்தலின் கீழ் நாள்தோறும் பாடிப் பொருள் சொல்லும் வழக்கம் நம் பங்குகளில் எத்தனை இடத்தில் இருக்கிறது? பாரத விழாவில் இரவுக்குக் கூட்டம் இருக்கிறது. பகலுக்குத்தான் குறைந்து வருகிறது. பிரசங்கப் பந்தலில் முதியவர்கள் மட்டும் அமர்ந்திருக்கும் காட்சி பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பகல் போய்விட்டால், இரவில் எஞ்சுவது உரத்த ஒலியும் மின்னும் கண்ணாடியும்தான் என்பது நம் எண்ணம். பகலில் விருத்தத்தைக் கேட்டுப் பழகாத காதுக்கு இரவில் அதே விருத்தம் வெறும் இரைச்சலாகிவிடும். பிறகு, கூத்துக்குப் பதில் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைத்தால் என்ன என்று விழாக் குழுவில் ஓர் இளைஞர் கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஆதலின், காஞ்சிபுரம் பக்கம் உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. சித்திரை பிறந்ததும் கடைவீதிச் சுவர்களில் பாரத விழாச் சுவரொட்டிகள் தென்படும். எந்த நாளில் என்ன கூத்து, எந்தக் குழு என்று நோட்டீசில் அச்சிட்டிருப்பார்கள். கர்ண மோட்ச இரவைத் தேர்ந்துகொள்ளுங்கள். அன்று பிற்பகல் மூன்று மணிக்கே போய்ப் பிரசங்கப் பந்தலில் முன் வரிசையில் பிள்ளைகளை உட்காரச் செய்யுங்கள். பாயும் போர்வையும் குடிநீரும் எடுத்துப் போவது நல்லது. பிள்ளைகள் நள்ளிரவில் உறங்கிவிட்டால் உறங்கட்டும். பொன்னுருவி திரைக்குப் பின்னால் பாடத் தொடங்கும்போது மட்டும் எழுப்பிவிடுங்கள்.