மச்சு பிச்சு மலைப்பாதையும் நம் மூச்சும்

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில், இன்கா மக்கள் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மச்சு பிச்சு நகரின் இடிபாடுகள் உள்ளன. அவர்கள் கல் பாவிய பழம்பாதையில் ஏறத்தாழ 43 கி.மீ. நடந்து, நான்கு நாட்களில் அங்கே சென்றடையலாம். செல்ல விரும்புவோர் கால்வலிமையைப் பற்றியே கவலைப்படுகின்றனர். நாங்கள் முதலில் கேட்பது மூச்சைப் பற்றி.

பயணிகள் வந்திறங்கும் குஸ்கோ நகரம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாதையின் மிக உயர்ந்த கணவாய் சுமார் 4,200 மீட்டர். அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்காகக் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. இதற்கு உடல் பழகுமுன் விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், சோர்வு, உறக்கமின்மை தோன்றும். இளமையும் உடற்பயிற்சியும் இதைத் தடுப்பதில்லை.

ஆகவே, நடைப்பயணத்திற்கு முன் இரண்டு மூன்று நாட்கள் குஸ்கோவிலோ, அதைவிடத் தாழ்வான உருபாம்பா பள்ளத்தாக்கிலோ தங்குங்கள். தலைவலி நீங்கும்வரை மேலே ஏறாதீர்கள். ஓய்விலும் மூச்சுத்திணறல், நடையில் தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருப்பதன் அறிகுறிகள். விடியும்வரை காத்திராமல் உடனே கீழிறங்க வேண்டும். குழப்பமுற்றவர் தம் நிலையைத் தாமே உணரமாட்டார். முடிவெடுக்க வேண்டியவர் உடன் செல்பவரே.

இதயநோய், நுரையீரல் நோய், கடும் இரத்தசோகை உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்டபின்பே பயணத்தைத் திட்டமிட வேண்டும். இதற்கென வழங்கப்படும் அசெட்டசோலமைடு மாத்திரையை எவரும் தாமாக உட்கொள்ளலாகாது. நெடுந்தொலைவு நடக்க இயலாதோருக்கும் வழி உண்டு: மலையடிவாரம் வரை தொடர்வண்டியும், அங்கிருந்து பேருந்தும் செல்கின்றன. இடிபாடுகள் இருப்பது சுமார் 2,430 மீட்டர் உயரத்தில், குஸ்கோவைவிடத் தாழ்வாகவே.