நாவூறு கழிக்கும் மூலக்கூறு

நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போன பிள்ளை, இரவில் சாப்பிடாமல் சிணுங்குகிறது. வெயில், சனநெரிசல், அலுப்பு என்று எத்தனை காரணம் இருந்தாலும் வீட்டில் முந்திக்கொண்டு வரும் பேச்சு "பிள்ளைக்கு நாவூறு பட்டிட்டுது" என்பதுதான். அம்மம்மா செத்தல் மிளகாயும் உப்பும் கைக்குள் பொத்தி, பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடுவார். உப்பு படபடவென வெடிக்கும். படிகத்துக்குள் அடைபட்ட நீர் ஆவியாகி அதை உடைக்கும் சத்தம் அது. கொழுந்துவிடும் நெருப்பில் மிளகாயின் காரப்பொருள் எரிந்துபோவதால் நெடியும் அவ்வளவாக எழாது. வீட்டாருக்கு அதுவே நாவூறு கழிந்ததன் சாட்சி.

பிள்ளைக்கு இது வேடிக்கை. வளர்ந்தவர் கதை வேறு. "உனக்கு ஆரோ செய்வினை செய்திருக்கினம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும்; நித்திரை போகும், பசி போகும், நெஞ்சு படபடக்கும். இதில் நடிப்பு இல்லை. தீங்கு வருமென்ற எதிர்பார்ப்பே தீங்காகிவிடுவதை மருத்துவம் நோசிபோ என்கிறது.

1997இல் இத்தாலியின் ஃபப்ரிசியோ பெனெடெட்டி குழுவினர், சத்திரசிகிச்சை முடிந்து இலேசான வலியோடு இருந்தவர்களுக்கு, இது வலியைக் கூட்டும் என்று சொல்லி வெறும் உப்புக்கரைசலை ஏற்றினர். வலி கூடியது. புரோகுளுமைடு என்ற மருந்தைக் கொடுத்தபோதோ அதே எச்சரிக்கை பலிக்கவில்லை. அச்சத்தை வலியாக்குவதில் மூளையின் கொலிசிஸ்டோகைனின் என்ற வேதிப்பொருளுக்குப் பங்குண்டு. அதன் வழியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. கெட்ட சொல் ஒன்றை ஒரு மூலக்கூறு முறிக்கிறது! மந்திரவாதக் கதை எழுதுபவர்கூட இவ்வளவு துணிவாரா தெரியவில்லை.

பார்வை பார்ப்பதும் நூல் கட்டுவதும் தரும் ஆறுதலை நான் பழிக்கமாட்டேன். ஆனால் டெங்குக் கிருமி எவருடைய நம்பிக்கையையும் கேட்டு வருவதில்லை. காய்ச்சல் என்றால் வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும், அதுவும் உடனே.

நோசிபோவை மருந்தில்லாமலும் முறிக்கலாம். கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேரை லண்டன் ஆய்வாளர்கள் ஓராண்டு கவனித்து, 2020இல் முடிவை வெளியிட்டனர். சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. எது ஸ்டேட்டின், எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டேட்டின் தந்த தொல்லையில் 90 சதவீதத்தைப் போலி மாத்திரையும் தந்திருந்தது. அவரவர் பதிவை அவரவரிடமே காட்டினார்கள். பாதிப் பேர் மீண்டும் ஸ்டேட்டின் எடுக்கத் தொடங்கினர்.