இரப்பர்ப் பாலின் தரமறிதல்: தோட்டத்து அளவையும் ஆய்வுக்கூட முறையும்

முன்னுரை

கெடா மாநிலத்துக் கூலிம் மாவட்டத்தில் அமைந்த கரங்கான் வட்டாரம் இரப்பர்த் தோட்டங்களோடு பிணைந்த வரலாறு உடையது. இத்தகைய தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுவந்த நம் முன்னோரின் உழைப்பு, கிராணியின் குறிப்பேட்டில் ஓர் எண்ணாக மாறியது. அவ்வெண் எவ்வாறு பிறந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலும் இரப்பரும்

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடே இரப்பர் உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். புரதம், சர்க்கரை, பிசின், தாது உப்புகள் ஆகியன சிறிதளவு கலந்திருக்கும். மரத்தின் இனம், பருவகாலம், மழை ஆகியவற்றிற்கேற்ப இவ்விகிதம் மாறும். எனவே, பாலின் எடையைக் கொண்டு மட்டும் இரப்பரின் எடையை அறிய இயலாது. வெட்டுத் தொழிலாளியின் ஊதியத்தில் ஒரு பகுதி உலர்ந்த இரப்பரின் எடையைச் சார்ந்திருந்தமையால், இவ்வளவீடு அறிவியல் வினாவாக மட்டுமன்றி நீதி பற்றிய வினாவாகவும் அமைந்தது.

மெட்ரோலாக் கருவி

தோட்டங்களில் விரைந்து அளப்பதற்குப் பயன்பட்டது மெட்ரோலாக் என்னும் மிதவை அளவி. இரப்பரின் அடர்த்தி ஏறத்தாழ 0.92, பாலின் நீர்ப்பகுதியின் அடர்த்தி ஏறத்தாழ 1.02. ஆகவே இரப்பர் மிகுந்த பால் அடர்த்தி குறைந்தது; அதில் மிதவை ஆழமாக அமிழும்; கூடிய அளவைக் காட்டும். கெட்டியான பாலில் மிதவை எளிதில் நகராது என்பதால், குறித்த அளவு நீர் சேர்த்தே அளப்பர்.

இங்கு ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். இக்கருவி இரப்பரை நேரடியாக அளப்பதில்லை. அடர்த்தியை அளந்து இரப்பரை ஊகிக்கிறது. நீர்ப்பகுதியின் அடர்த்தி எப்போதும் ஒன்றே என்பது அதன் அடிப்படை. கரைந்துள்ள பொருள்கள் மிகுந்தால் அப்பகுதி கனத்து, கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மாறாக, கணக்கில் வராத மழைநீர் கலந்தாலும், நுரையில் காற்று தங்கினாலும், பால் சூடாக இருந்தாலும் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒருவர் 20 கிலோ பால் கொண்டுவருகிறார். அதன் உண்மையான இரப்பர் அளவு 35 விழுக்காடு எனில் அவருக்குரியது 7 கிலோ. கருவி 32 எனக் காட்டினால் கணக்கில் ஏறுவது 6.4 கிலோ. இப்பிழை 25 நாள் தொடர்ந்தால் 15 கிலோ இரப்பர் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். எவரும் பொய் சொல்லாமலேயே இவ்விழப்பு நேரக்கூடும்.

ஆய்வுக்கூட முறை

பொற்கொல்லர் உரைகல்லில் மாற்றுக் காண்பர். ஐயம் எழுந்தால் புடமிட்டுத் தெளிவர். மெட்ரோலாக் உரைகல் எனில், ஆய்வுக்கூட முறை புடமாகும்.

நன்கு கலக்கிய பாலில் சுமார் 10 கிராம் துல்லியமாக நிறுத்தெடுக்கப்படுகிறது. அதனை நீரால் ஐதாக்கி, நீர்த்த அசெட்டிக் அமிலம் சேர்த்து, நீராவித் தொட்டியில் வைத்து உறையச் செய்வர். உறைந்த கட்டியை 2 மில்லிமீட்டருக்கு மிகாத தகடாக அழுத்தி, ஓடும் நீரில் கழுவுவர். கழுவாவிடில் சர்க்கரையும் உப்பும் இரப்பரின் எடையோடு சேர்ந்துவிடும். பின்னர் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்துவர். வெப்பம் மிகுந்தால் இரப்பர் சிதைந்து பிசுபிசுக்கும். குளிர்வித்து நிறுத்து, மீண்டும் உலர்த்தி, எடை மாறாத நிலை வரும்வரை இதனைத் தொடர்வர். இறுதி எடையைத் தொடக்க எடையால் வகுத்து நூறால் பெருக்க, உலர் இரப்பர் விழுக்காடு கிடைக்கும். இம்முறை நம்பத்தக்கது, ஆனால் பல மணி நேரம் பிடிப்பது. நிறுவைக் களத்தில் வரிசையில் நிற்பவர் அத்துணை நேரம் காத்திருக்க இயலாது. ஆதலால் விரைவான கருவியை இம்முறையால் அவ்வப்போது சரிபார்ப்பதே முறையான வழியாகும்.

1925இல் நிறுவப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பணிகள் 1998 முதல் மலேசிய இரப்பர் வாரியத்தின்கீழ்த் தொடர்கின்றன. 1965இல் அறிமுகமான மலேசியத் தர இரப்பர்த் திட்டம், கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் வழக்கத்திற்கு மாற்றாக அழுக்கு, சாம்பல், நைட்ரஜன் முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளக்க வழிவகுத்தது. மருத்துவக் கையுறைகளில் எஞ்சும் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தருவதால், அப்புரதத்தையும் இன்று அளக்கின்றனர். இவ்வாறு பாலின் அளவீடு மருத்துவத்தையும் தொடுகிறது.

முடிவுரை

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. மங்கும் வாளியும் மாணவர் பலருக்குக் கேள்விப்பட்ட சொற்களே. ஆயினும் அடர்த்தி, உறைதல், உலர்தல் ஆகிய கருத்துகளை விளக்கத் தாத்தா பாட்டியின் நிறுவைக் களத்தைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு தமிழாசிரியர்க்குக் கிட்டுவது அரிது. தோட்டத்து வழக்கையும் அறிவியல் கலைச்சொல்லையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் இரண்டும் நிலைபெறும். ஓர் எண்ணைக் கண்டதும் அது எவ்வாறு அளக்கப்பட்டது என வினவும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்பது, அவ்வுழைப்பாளர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனும் ஆகும்.